ஆயிரம் நியூரான், பத்து நியூரானின் தகவல்: தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில், மூளைப் பதிவுகளை, அதாவது நியூரான்கள் என்னும் நரம்பணுக்கள் எப்போது எவ்வளவு துடித்தன என்ற பதிவுகளை, அலசப் பழகும் மாணவர்களுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறேன். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்களும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. நாங்கள் பழகிய காலத்தில் விழுந்த அதே குழிகள்தான். ஃபைலைத் தவறாகத் திறப்பது, வரைபடத்தின் அச்சுகளுக்குப் பெயர் எழுத மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பொருளுக்கு ஒரு நியூரான் என்று தேடுவது

2005-ல் நரம்பியல் ஆய்வாளர் கிரோகாவின் குழுவினர், வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் நடிகை ஜெனிஃபர் அனிஸ்டனின் படங்களுக்குத் துடித்த நியூரானைக் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் "அப்போ பாட்டிக்கு ஒரு நியூரான், அம்மாவுக்கு ஒரு நியூரானா?" என்று கேட்பார்கள். அந்தச் சோதனையில் காட்டியது கொஞ்சம் படங்களைத்தான். பதிவானதும் மூளையின் ஒரு துளிதான். அந்த நியூரான் வேறு எதற்கெல்லாம் துடிக்கும், அதே முகத்துக்கு வேறு எத்தனை நியூரான்கள் துடிக்கும் என்பது அதிலிருந்து கிடைக்காது.

1986-ல் ஜார்ஜோபூலஸ் குழுவினர் குரங்கின் இயக்கப் புறணியில் (உடல் அசைவுகளை இயக்கும் மூளைப் பகுதியில்) கண்டதை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கே ஒவ்வொரு நியூரானுக்கும் பிடித்த திசை ஒன்று உண்டு. கை அந்தத் திசையிலிருந்து விலக விலக ஸ்பைக்குகள், அதாவது அதன் மின்துடிப்புகள், மெல்லக் குறையும். வலப்பக்கம் விலகினாலும் இடப்பக்கம் விலகினாலும் அதே அளவு குறைவதால், ஒரு நியூரானை மட்டும் வைத்துக் கை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நியூரானின் பிடித்த திசையையும் அதன் துடிப்பின் அளவால் எடைபோட்டுக் கூட்டினால், கூட்டுத்தொகை கை நகரும் திசைக்கு மிக அருகில் காட்டுகிறது. திசை இருப்பது கூட்டத்தில்.

சராசரியை மட்டும் பார்ப்பது

ஒரே காட்சியை மறுபடி காட்டினால் அதே நியூரான் வேறு எண்ணிக்கையில் ஸ்பைக் தரும். விலங்கு ஒரே ஒரு தடவை பார்த்து முடிவெடுக்கிறது, பல தடவை காட்டி நாம் எடுக்கும் சராசரி அதன் கையில் இல்லை.

நியூரான்களைத் தனித்தனி என்று எடுத்துக்கொள்வது

இந்தத் தவறுதான் அதிகமான மாதங்களை வீணாக்குகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

கடலூர் மாணவி ஒருவர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சுண்டெலிப் பதிவுகளை எடுத்து வேலை செய்தார். எலி பார்த்த கோடுகள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தன என்று நியூரான்களின் துடிப்பிலிருந்து கணிக்க வேண்டும். "நியூரான் கூடக் கூட பிழை குறைஞ்சுகிட்டே போகுது சார், நிக்கவே இல்ல" என்று ஒரு வழுவழுப்பான வளைவைக் காட்டினார்.

"இத்தனை நியூரானும் ஒரே எலியாம்மா?"

"இல்ல சார், எல்லா எலியும் சேத்துட்டேன்."

ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் முழுக்க அந்த வளைவின் மேல்தான் நின்றது. அதைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

ஒரே மூளையில் அருகருகே இருக்கும் நியூரான்கள் உள்ளீடுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. விலங்கின் விழிப்பு சற்றுக் கூடினால் பல நியூரான்கள் சேர்ந்தே ஏறும். காட்சி மாறாதபோதும் அவற்றின் ஏற்ற இறக்கங்களுக்குள் ஒட்டுறவு (correlation, சேர்ந்தே ஏறி இறங்கும் போக்கு) இருக்கும். வெவ்வேறு எலிகளின் நியூரான்களை ஒரே கூட்டமாகக் கோக்கும்போது அந்த ஒட்டுறவை நாமே அறுத்துவிடுகிறோம். அதன் பிறகு எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பிழை குறைவதில் மூளையின் வேலை எதுவும் இல்லை. சம்பந்தமில்லாத எண்களைச் சராசரி எடுத்தால் யாருக்கும் அதே வளைவு வரும்.

கடலூர் துறைமுகத்தில் இன்று மத்தி எவ்வளவு வந்தது என்று நூறு பேரைக் கேட்கிறீர்கள். எல்லோரும் ஒரே ஏலக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால், உங்களிடம் நூறு பதில்கள் இல்லை. அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் நூறும் ஒரே பக்கம் தப்பும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரே மாதிரிப் பதில் தரும் நியூரான்கள், எந்த இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.1 என்று வையுங்கள் (0 என்றால் ஒட்டுறவே இல்லை, 1 என்றால் முழு ஒட்டுறவு). எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, 0.1-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வந்ததால் எண்ணிக்கையை வகுங்கள். சராசரி எடுக்கும்போது உங்கள் கூட்டம் எத்தனை தனி நியூரான்களுக்குச் சமம் என்பது வரும். 100 நியூரான்களுக்குச் சுமார் 9.2. 1000 நியூரான்களுக்கு 9.9. எத்தனை லட்சம் சேர்த்தாலும் 10-ஐத் தாண்டாது. 0.1 என்பது நான் இட்டுக்கட்டிய எண்ணும் அல்ல: 1994-ல் ஸோஹரி, ஷாட்லென், நியூசம் மூவரும் குரங்கின் அசைவு காணும் பகுதியில் ஜோடி ஜோடியாகப் பதிந்தபோது சராசரி ஒட்டுறவு சுமார் 0.12 இருந்தது. 50 முதல் 100 நியூரான்களுக்கு மேல் சேர்ப்பதில் பெரிய லாபம் இல்லை என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இதைக் கேட்டதும் ஒட்டுறவு என்றாலே கெடுதல் என்று சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அதுவும் சரியல்ல. இரண்டு நியூரான்கள் எதிரெதிர்த் திசைகளை விரும்பி, இரைச்சலில் (காட்சியோடு சம்பந்தமில்லாத ஏற்ற இறக்கத்தில்) மட்டும் சேர்ந்து ஏறி இறங்கினால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாலே இரைச்சல் போய்விடும், திசை மிஞ்சும். எவ்வளவு ஒட்டுறவு என்பதைவிட அது எந்த வாக்கில் இருக்கிறது என்பதே முக்கியம். காட்சி உண்மையில் மாறினால் கூட்டம் எப்படி மாறுமோ, அதே வாக்கில் இரைச்சலும் ஆட்டினால்தான் தகவலுக்கு உச்சவரம்பு விழுகிறது என்று 2014-ல் மொரேனோ போட்டேயும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். இரைச்சலில் அந்த வாக்கில் ஆடும் பகுதி மிகச் சிறியதாக இருந்தாலும் போதும்.

சரி, என்ன செய்வது? ஒரே நேரத்தில் பதிந்த நியூரான்களை மட்டும் ஒரு கூட்டமாக வையுங்கள். ஒட்டுறவை ஒரே காட்சியின் பதிவுகளுக்குள்ளேயே கணக்கிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு நியூரானின் பதிவு வரிசையையும் அந்தக் காட்சிக்குள் தனித்தனியாகக் கலைத்து, கணிப்பை மறுபடி ஓட்டுங்கள். கலைத்தால் ஒட்டுறவு மட்டும் அறும். அதன் பின் கணிப்பு மேம்பட்டால், ஒட்டுறவு அதுவரை தகவலைத் தின்றுகொண்டிருந்தது.

சோதனை டேட்டாவை முன்பே தொடுவது

முழு டேட்டாவிலும் "நல்ல" நியூரான்களைப் பொறுக்கிவிட்டு அப்புறம் பழக்கும் பகுதி, சோதிக்கும் பகுதி என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். நியூரான் துடிப்பதை ஒளியாகப் பதியும் கால்சியம் பதிவில் அந்த ஒளி மெதுவாக மங்கி அடுத்த ஃபிரேமிலும் தங்கும் என்பதால், அடுத்தடுத்த ஃபிரேம்களையும் இரு பக்கமும் சிதறவிடாதீர்கள்.

டிகோடர் (துடிப்பிலிருந்து காட்சியைக் கணிக்கும் நிரல்) படித்தால் மூளையும் படிக்கிறது என்பது

2019-ல் ஸ்ட்ரிங்கர் குழுவினர் சுண்டெலியின் பார்வைப் புறணியில் சுமார் 10,000 நியூரான்களை ஒன்றாகப் பதிந்தபோது, அதில் எலியின் முக அசைவுகளும் ஓட்டமும் விரவிக் கிடந்தன. ஒரு குறிப்பிட்ட படம் வரும்போதெல்லாம் எலி மீசையை ஆட்டினால், உங்கள் டிகோடர் படத்துக்குப் பதில் மீசையைப் படித்துக்கொண்டிருக்கலாம். முகத்தின் வீடியோவும் சேர்ந்து கிடைக்கும் பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள். நியூரான்களைத் தொடுமுன், முக அசைவை மட்டும் வைத்து எந்தப் படம் என்று கணிக்க முடிகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.