பாயவும் வேண்டும், பாக்கெட்டும் தாங்க வேண்டும்: பழைய ஹாட் ஹாட்ச் வாங்குவது எப்படி

பீளமேட்டில் வீடு, திருப்பூரில் வேலை. பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். போக வர நாளுக்கு 90 கி.மீ., மாசம் 25 நாள். அவினாசி ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி பாய வேண்டும், மாசக் கடைசியில் பெட்ரோல் பில்லைப் பார்த்து நான் அழவும் கூடாது. இந்த இரண்டு ஆசையோடு 2024ல் ஏழு மாசம் பழைய ஹாட் ஹாட்ச், அதாவது வேகமான எஞ்சின் வைத்த சின்ன ஹேட்ச்பேக் கார், தேடி அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றதுதான் இது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காரைப் பார்க்கப் போவதற்கு முன் இதைப் போடுங்கள். நான் மாசம் 2,250 கி.மீ. ஓட்டுகிறேன். 12 கி.மீ. மைலேஜ் தரும் காரில் அதற்கு 187 லிட்டர் ஆகும். 17 தரும் காரில் 132 லிட்டர். வித்தியாசம் 55 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் மாசம் 5,500 ரூபாய். எனக்கு அது பெரிய காசு. ஆனால் என் தங்கச்சி மாதிரி மாசம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இதே வித்தியாசம் 1,200 ரூபாயில் முடிந்துவிடும். அவர்கள் மைலேஜ் மைலேஜ் என்று மண்டையை உடைத்துக்கொண்டு மனசுக்குப் பிடிக்காத காரை வாங்கத் தேவையே இல்லை. உங்கள் ஓட்டம் எவ்வளவு என்று தெரியாமல் 'நல்ல மைலேஜ்' என்ற பேச்சுக்கு அர்த்தம் கிடையாது.

அடுத்து, குதிரைத்திறனைப் பார்த்து மயங்காதீர்கள். நம் ரோட்டில் 5,500 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) மேல் எத்தனை நிமிஷம் ஓட்டுவீர்கள்? தினசரி வாழ்க்கை 1,500க்கும் 3,000க்கும் நடுவில்தான். அங்கே இழுவை இருக்கிற எஞ்சின்தான் ஓட்டவும் சுகம், பெட்ரோலுக்கும் மிச்சம், ஏனென்றால் கியரைக் குறைத்து முறுக்க வேண்டியதில்லை. டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி, வைத்த சின்ன எஞ்சின்களின் சூட்சுமம் இதுதான். கூடவே காரின் எடையையும் பாருங்கள். மாருதி பலேனோ ஆர்எஸ் 102 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு), எடை 950 கிலோ. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 பிஎஸ், ஆனால் எடை 1,100 கிலோ. காகிதத்தில் போலோவுக்குத்தான் 3 பிஎஸ் அதிகம். சிக்னலில் கிளம்பும்போது அந்த 150 கிலோ யாரை இழுத்துப் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சந்தையில் என்னென்ன கிடைக்கிறது? நான் ஓட்டிப் பார்த்ததையும் கேட்டு விசாரித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013ல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 175 நியூட்டன் மீட்டர் இழுவை, டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக். கதவை மூடும்போது வரும் அந்தக் கனமான சத்தத்துக்கே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள், நானும் விழுந்தேன். ஆனால் அந்த டிஎஸ்ஜிக்குள் இருப்பது எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். நம் வெயிலில், நெரிசலில், ஊர்ந்து ஊர்ந்து போனால் அது சூடாகும், சீக்கிரம் தேயும். அதை இயக்கும் மெகட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். ஆகவே மாற்றியதற்கான பில் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். என்னைக் கேட்டால் 2020க்குப் பிறகு வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல்தான் தேட வேண்டிய வண்டி. 110 பிஎஸ், ஏஆர்ஏஐ (கார்களைச் சோதித்து மைலேஜுக்குச் சான்று தரும் அமைப்பு) கணக்கில் 18.24 கி.மீ. அதிலேயே ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றாலும் அது டார்க் கன்வெர்ட்டர் (உலர் கிளட்ச் இல்லாமல் எண்ணெய் வழியே இழுவையைக் கடத்துவது), பழைய டிஎஸ்ஜி தலைவலி இல்லை. போலோ உற்பத்தி 2022ல் நின்றாலும் அதே 1.0 எஞ்சின் ஃபோக்ஸ்வேகனின் டைகுன், விர்ட்டஸ், ஸ்கோடாவின் குஷாக், ஸ்லாவியா எல்லாவற்றிலும் ஓடுகிறது. பாகத்துக்கு அலைய வேண்டாம்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நின்றுபோன காரை வாங்கலாம், தப்பில்லை. நின்றுபோன எஞ்சினைத்தான் வாங்கக் கூடாது. பலேனோ ஆர்எஸ் 2017ல் வந்து மூன்றே வருடத்தில் போய்விட்டது. ஆனால் அதன் 1.0 பூஸ்டர்ஜெட் எஞ்சின் 2023ல் மாருதியின் ஃபிராங்ஸில் திரும்ப வந்தது. அது தெரிந்ததுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஃபியட் அபார்த் புன்டோ 145 பிஎஸ், ஓட்டியவர்கள் கண்ணில் தண்ணீர் வரப் பேசுவார்கள். ஃபியட்டே இங்கே கடையைக் கட்டிவிட்டது. அது ஆசைக்கு வைத்துக்கொள்ளும் இரண்டாவது கார். தினம் திருப்பூருக்கு ஓட்டும் காரல்ல.

ஹூண்டாய் ஐ20 என் லைன் நம்ம ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 2021ல் வந்தவற்றில் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர். 2023 செப்டம்பருக்குப் பிறகுதான் சாதா மேனுவல். ஐஎம்டி எனக்குப் பிடிக்கவில்லை, இடது கால் சும்மா கிடந்து தவித்தது. உங்களுக்குப் பிடிக்கலாம். டாடா ஆல்ட்ரோஸ் ஐ-டர்போ 110 பிஎஸ், பயணத்துக்கு நல்ல கார், ஆனால் ஹாட் ஹாட்ச் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

மாசம் 2,000 கி.மீ.க்கு மேல் ஓடுகிறவர்கள் டீசலையும் பாருங்கள். ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் 100 பிஎஸ், 215 நியூட்டன் மீட்டர். ஏஆர்ஏஐ மைலேஜ் 25ஐத் தாண்டும். இழுவையும் சிக்கனமும் ஒரே காரில் வேண்டும் என்றால் இதுவும் போலோ ஜிடி டிடிஐயும்தான். ஒரே எச்சரிக்கை: டெல்லிப் பக்கம் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கெடுபிடி என்பதால் நான் தேடிய 2024ல் அங்கிருந்து அடிமாட்டு விலைக்கு இறக்கினார்கள். வெளிமாநில வண்டிக்கு இங்கே மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும். விலை குறைவு என்று நினைத்தது அங்கேயே சமமாகிவிடும்.

சரி, காரைப் பார்க்கப் போகலாம். இங்கே ஒரு கதை.

நான் முதலில் அட்வான்ஸ் கொடுத்தது வேறொரு காருக்கு. எந்தக் கார், யார் விற்றது என்பது வேண்டாம். சில்வர் கலர், சென்னைப் பதிவெண், பளபள பாலிஷ். புரோக்கர் "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி மேடம்" என்றார். (பழைய கார் சந்தையில் டாக்டர்கள்தான் அதிகம் போல.) பத்தாயிரம் கொடுத்துவிட்டேன். மறுநாள் கணபதியில் இருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார், சுருளின் கடைசி அங்குலம் வரும்வரை. மேலே கருகருவென்று இருந்த பட்டை, கடைசி ஒரு சாண் மட்டும் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினார். காய்ந்த வண்டல் மண் உதிர்ந்தது.

"அம்மிணி, இது வெள்ளத்துல நின்ன வண்டிங்க," என்றார். "சீட்டத் தொடைப்பாங்க, மேட்ட மாத்துவாங்க. பெல்ட்ட யாருங்க முழுசா இழுத்துக் கழுவப் போறாங்க?"

புரோக்கர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாயிரம் போனது போனதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. ஆகவே பெல்ட்டை இழுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடிக்குழியைப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று போன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசி போட்ட முதல் நிமிஷத்தில் ஈரக் கோணி வாடை வந்தால் இறங்கி நடையைக் கட்டுங்கள்.

டர்போ காருக்கென்று தனிச் சோதனை சில உண்டு. விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் விட்டு, பிறகு ஒரு தடவை ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, டர்போ சீல் போயிருக்கலாம். அடுத்து ரோட்டில், மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் இருந்து முழுசாக மிதியுங்கள். ஒரு கணம் தயங்கி, பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல வர வேண்டும். தள்ளு வராமல் விசில் மட்டும் வந்தால் எங்கோ ஹோஸ் கசிகிறது. நாலாவது கியரில் 50ல் போகும்போது மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் முடிந்தது. உலர் டிஎஸ்ஜி என்றால் மேட்டில் நிறுத்தி மெல்ல ஊர்ந்து பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதறல் வந்தால் வேண்டாம்.

இந்த மாதிரிக் கார்களை வாங்குபவர்களில் பாதிப் பேர் பையன்கள். ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்திருப்பார்கள், விற்கும்போது பழைய மென்பொருளை ஏற்றிவிட்டு "ஸ்டாக் வண்டி", அதாவது கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது, என்பார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கிறதா, ஹோஸ் கிளாம்ப் மட்டும் புதுசாக மின்னுகிறதா, சைலன்சரில் புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். ரீமேப் தப்பில்லை, ஆனால் கூடுதல் இழுவையை வாங்கிக்கொண்டது கிளட்ச்தான். அதன் ஆயுளை முந்தைய ஓனர் அனுபவித்துவிட்டார்.

மீட்டர் திருப்புவது நம் ஊரில் சர்வ சாதாரணம், ஆகவே மீட்டரை நம்பாமல் பில்லைப் பாருங்கள். டர்போ எஞ்சினுக்கு எண்ணெய்தான் உயிர், 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை சரியான கிரேடு மாற்றியிருக்கிறதா என்பது பில்லில் தெரியும். இன்னொரு வழி யாரும் சொல்லித் தராதது: பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் ஓடினால் 50 வரை ஏறும். ஒரே ஓனர், ஆறு வருட வண்டி, பாலிசியில் பூஜ்யம் என்றால் போன வருடம் ஏதோ நடந்திருக்கலாம். என்ன நடந்தது என்று நேரே கேளுங்கள். பதிலை விட முகம் நிறையச் சொல்லும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ன் 23வது வாரம். ஐந்து ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால் நாலு டயர் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் சக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே பழைய விமர்சனங்களில் போட்ட மைலேஜை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். 2023க்கு முந்தைய காரில் பெட்ரோல் ஹோஸ்களில் விரிசல், கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேப்பர் வேலை சுருக்கமாக: அரசின் பரிவாஹன் தளத்தில் பதிவெண் போட்டு ஹைப்போ (வண்டி மேல் இருக்கும் லோன் அடமானம்), சலான், இன்ஷூரன்ஸ் பாருங்கள். பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30ல் கையெழுத்து. லோன் இருந்திருந்தால் பேங்க் என்ஓசியும் அடமானத்தை நீக்கும் ஃபார்ம் 35ம். ஆர்சி உங்கள் பேருக்கு மாறும்வரை ஒரு பகுதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

கடைசியில் நான் வாங்கியது 2018 பலேனோ ஆர்எஸ், நீலம், 61,000 கி.மீ., 4 லட்சத்து 90 ஆயிரம். பொள்ளாச்சி ரிட்டயர்டு வாத்தியார் வண்டி. ஒவ்வொரு பில்லையும் பஞ்ச் பண்ணி ஃபைலில் கோத்து வைத்திருந்தார், ஓரத்தில் பென்சிலில் குறிப்பு வேறு: 'இடது வைப்பர் சத்தம்'. பேரம் பேசவே கூச்சமாக இருந்தது, இருந்தாலும் 15,000 குறைத்தேன்.

வாங்கின வாரமே மைலேஜை அளந்தேன். டாஷ்போர்டு காட்டுவதை நம்பாதீர்கள், அது எப்போதும் நம்மைச் சந்தோஷப்படுத்தவே பார்க்கும். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோகட் ஆகும்வரை (டேங்க் நிறைந்து பம்ப் தானாக நிற்கும்வரை) மட்டும். அதற்கு மேல் "ரவுண்டாப் போடட்டுங்களாக்கா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டி, அதே இடத்தில் மறுபடி ஆட்டோகட் வரை. நான் 497 கி.மீ. ஓட்டினேன், 29.1 லிட்டர் பிடித்தது. டாஷ்போர்டு 18.6 என்றது. வாத்தியாரின் ஃபைலில் மிச்சமிருந்த வெள்ளைத் தாளில் நானும் பென்சிலாலேயே எழுதினேன்: 17.1.