ட்ரெய்லரில் ஏறும் பாய்மரப் படகு: வரைவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

இந்த வகைப் படகை வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் அணியத்தின் (முன்முனையின்) வளைவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது காரின் கையேட்டிலிருந்து. பிரேக் உள்ள ட்ரெய்லரை எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். படகின் நீளம், பாலாஸ்ட் (படகு கவிழாமல் அடியில் வைக்கும் பாரம்), எத்தனை பேர் படுக்கலாம் என்பது வரை எல்லாம் அந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும்.

1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்லருக்கே 350 போய்விடும். அவுட்போர்டு இன்ஜின், பெட்ரோல், நங்கூரம், சங்கிலி, பேட்டரி, அடுப்பு, மெத்தை எல்லாம் சேர்ந்து 150. மிச்சம் 1,000. அதில் 100 கிலோவைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பிசினும் பெயின்டும் திருகாணிகளும் எப்படியும் அதைத் தின்றுவிடும். ஆக, வரைபடத்தின் இலக்கு 900 கிலோ: உடல், மேல்தளம், உள்வேலை 450, பாலாஸ்ட் 300, பாய்மரமும் அதைத் தாங்கும் வடங்களும் பாய்களும் 80, சுக்கானும் மற்ற பொருத்துகளும் 70. ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு எழுத ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்பலகையை 9 மி.மீ.-லிருந்து 12-க்கு மாற்றும் ஆசை வரும்போது அந்த நோட்டுதான் தடுக்கும்.

அகலத்தைச் சாலை விதி தீர்மானிக்கிறது. பல நாடுகளில் வரம்பு 2.5 முதல் 2.6 மீட்டருக்குள் இருக்கிறது, 2.4-ல் நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் தகராறு வராது. இந்த எடைக்கு 6.5 மீட்டர் நீளம் சரி. நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம், 6 மீட்டர் என்றால், 2.43-ஐ அதன் வர்க்கமூலத்தால் பெருக்க, உச்ச வேகம் ஏறக்குறைய 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வரும்.

ட்ரெய்லர் போக மிச்சமுள்ள 1,150 கிலோவோடு மூன்று பேரும் சாமான்களும் ஏறியபின் படகு சுமார் 1,425 கிலோ இருக்கும். எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு அமிழும்? நீர்மட்டத்தில் படகின் பரப்பு 7.5 சதுர மீட்டர் என்றால், கடல்நீரில் ஒரு சென்டிமீட்டர் அமிழ 77 கிலோ வேண்டும். மூன்று பேர் ஏறினால் 3 செ.மீ. ஆனால் மூவரும் காக்பிட்டில், அதாவது பின்பக்கம் உட்காருவார்கள். பின்னாலேயே 25 கிலோ இன்ஜினும் தொங்கும். ஆளில்லாத படகுக்குச் சமநிலை பார்த்து வரைந்தால், ஓடும்போது பின்புறம் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். மிதப்பு மையத்தை ஆட்கள் உட்கார்ந்த நிலைக்கே கணக்கிடுங்கள்.

பாலாஸ்ட் விஷயத்தில் தண்ணீர்த் தொட்டி எல்லோருக்கும் பிடிக்கும்: படகை இறக்கியபின் நிரப்பிக்கொள்ளலாம், சாலையில் இழுக்க வேண்டாம். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடையில்லை. படகு சாய்ந்து தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே வந்த பிறகுதான் அது திருப்பி இழுக்கும். பாதி நிரம்பிய தொட்டியோ சாயும் பக்கமே ஓடி நிலைமையை மோசமாக்கும். இந்த அளவுப் படகில் 250 கிலோ ஈயத்தைத் தளத்தின் அடியில் பதித்து, மீதி 50 கிலோவை மடங்கும் அடிப்பலகையில் (படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் இறக்கும் பலகையில்) வைப்பது நல்லது.

அடிப்பலகையின் அச்சுக் குழாய்க்குப் புஷ் (தேய்வைத் தாங்கும் உள்வளையம்) போடாவிட்டால் துளை நீள்வட்டமாகத் தேயும்; நங்கூரமிட்ட இரவெல்லாம் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பலகை மடங்கி ஏறும் உறைக்குள் இருபக்கமும் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். கரையில் ஒதுக்கினால் கூழாங்கல் ஏறி மாட்டிக்கொள்ளும். மேலிருந்து ஒரு கம்பியால் குத்தித் தள்ள உறையின் உச்சியில் மூடியுள்ள துளை ஒன்று வேண்டும். பலகையைக் கீழே பூட்டும் தாழும் அவசியம். இல்லாவிட்டால் படகு கவிழும்போது அது உறைக்குள் திரும்பிவிடும்.

பாய்களுக்கு 20 சதுர மீட்டர் போதும். பாயின் மையமும் அடிப்பக்கத்தின் மையமும் ஒத்துப்போக வேண்டுமே? நீருக்கடியில் தெரியும் பக்கவடிவத்தை அட்டையில் வெட்டி, ஊசிமுனையில் நிறுத்திப் பாருங்கள். நிற்கும் புள்ளிதான் மையம். பாய்களின் மையம் அதற்கு 60 செ.மீ. முன்னால், அதாவது நீர்க்கோட்டில் பத்தில் ஒரு பங்கு தள்ளி இருக்கட்டும். படகு சாய்ந்ததும் பாயின் உந்தல் வெளியே போய் அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பும் என்பதால்தான் இந்த முன்னேற்பாடு. அப்படியும் சுக்கான் கை கனத்தால் பலகையைக் கொஞ்சம் பின்னால் மடக்கினால் சரியாகும்.

படகு பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பாய்மரம் ஏற்றும் வேலைதான் தீர்மானிக்கும். இறக்குமிடத்தில் ஒரு மணி நேரம் ஆனால் படகு கொட்டகையிலேயே கிடக்கும். மரம் 8.5 மீட்டர், 25 கிலோ; மரத்தை மடக்கும் அடிமூட்டான கீலிலிருந்து 4 மீட்டரில் எடை மையம். படுத்திருக்கும்போது திருப்புவிசை 25 கிலோ × 4 மீட்டர் = 100. கீலருகே 2 மீட்டர் துணைக்கழியை மரத்துக்குச் செங்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து 2.5 மீட்டர் முன்னாலுள்ள அணிய முனைக்குக் கயிறு கட்டினால் இழுவிசை 64 கிலோ. கழி 1.2 மீட்டர்தான் என்றால் 92. நான்கு மடங்குக் கப்பியில் 64 என்பது 16 ஆகிவிடும், உராய்வு தனி.

பக்கவாட்டில் மரம் ஆடுவதுதான் ஆபத்து. வழக்கமான பக்கவடங்கள் கீலுக்குப் பின்னால் இருப்பதால் மரம் படுக்கும்போது தளர்ந்துவிடும். இரண்டு சிறு வடங்களைச் சேருங்கள்; அவற்றின் அடிமுனைகள் கீல் ஊசியின் நேர்கோட்டிலேயே, அதே உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது எந்தக் கோணத்திலும் இறுக்கம் மாறாது. ஏற்றுமுன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய மரம், ஈரக் கை!

உள்ளே படுக்கை 2 மீட்டர் நீளம், தோளருகே 60 செ.மீ. அகலம், உட்காருமிடத்திலிருந்து கூரைவரை 95 செ.மீ. நிற்கும் உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள், அதற்குரிய காற்றெதிர்ப்பும் எடையும் இந்தப் படகுக்குத் தாங்காது. காக்பிட் தளம் நிறைசுமையிலும் நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. மேலே இருந்தால் தண்ணீர் தானாக வடியும்.

ட்ரெய்லர் கொக்கியில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம், அதாவது 75 முதல் 105 கிலோ விழும்படி அச்சை நகர்த்துங்கள். குறைந்தால் வேகத்தில் வால் ஆட்டும். ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி பேரிங்குக்குள் நீரை உறிஞ்சும். அரை மணி ஆறவிடுங்கள்.

கட்டி முடித்ததும் அமைதியான நீரில், கதவுகளை அடைத்து, ஆளில்லாமல், மர உச்சியைக் கயிற்றால் இழுத்துத் தண்ணீர்வரை சாய்த்து விடுங்கள். தானாக எழுந்து நின்றால் வரைபடம் சரி. எழாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது எடை நோட்டில் மேல்பாதிப் பக்கங்கள்: மரம், மேல்தளம், கூரை.