முப்பத்தஞ்சுக்கு மேல பெரிய யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணுதியளா? நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணாதீங்க

திருநெல்வேலி பக்கம் முக்கூடல்ல பன்னெண்டு வருஷம் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வச்சிருந்தவ நான். அடுத்தவங்களுக்கு எத்தன ஃபார்ம் ஃபில் பண்ணிருப்பேன்னு கணக்கே கெடையாது, ஆனா எனக்குன்னு எம்.ஏ-க்கு ஒரு ஃபார்ம் போட்டப்போ மொத வருஷம் ஊத்திக்கிச்சு. அடுத்த வருஷம் பெங்களூர்ல எடம் கெடச்சுது, அப்ப எனக்கு முப்பத்தாறு வயசு, மூத்தவ எட்டாங்கிளாஸ். இப்ப ஊர்ப்பக்கம் வந்தா யாராச்சும் ஒருத்தராவது "யக்கா, நானும் படிக்கலாம்னு பாக்கேன்"னு வந்து நிக்காவ, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்கி, அதான் எழுதுதேன்.

எல்லாரும் மொதல்ல கேக்கது வயசத்தான். சென்ட்ரல் யுனிவர்சிட்டில சேர எழுதுத பொது நுழைவுத் தேர்வு தான் கியூட், அந்தப் பரிச்சைக்கு வயசு வரம்பே கெடையாது, யுஜிக்கும் கெடையாது பிஜிக்கும் கெடையாது. என்னைக்கோ பிளஸ் டூ முடிச்சவங்களும் யுஜி எழுதலாம், அத தமிழ்லயே எழுதலாம், 13 மொழில நடக்கு. பிஜி தான் இங்கிலீஷும் இந்தியும் மட்டும், மொழிப் பாடத்துக்கு வேணா வேற. எங்க சித்தி மவன் அமெரிக்கால இருக்கான், அங்க கொலம்பியால ஜெனரல் ஸ்டடீஸ்னு ஒரு காலேஜே படிப்ப ஒரு வருஷமாவது விட்டவங்களுக்குன்னு இருக்கு, யேல்ல எலி விட்னி புரோகிராம்னு ஸ்கூல் முடிச்சு அஞ்சு வருஷம் ஆனவங்களுக்குன்னு வச்சிருக்கான்னு சொன்னான். நம்ம ஊர்ல அப்படி தனி வாசல் கெடையாது, இருவத்தோரு வயசுப் பிள்ளைங்க நிக்கிற அதே க்யூல தான் நாமளும் நிக்கணும். வயசுனால யாரும் நம்மள வெரட்டப் போறதில்ல, ஆனா நம்ம சர்டிபிகேட்டுக்கும் வயசாயிருக்கும்லா, அங்கன தான் மாட்டுவோம்.

என் கதையவே எடுத்துக்கோங்க. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல அப்பா இனிஷியல். கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த ஆதார்ல வீட்டுக்காரவ பேரு என் பேரோட ஒட்டிக்கிட்டு நிக்கி. பேங்க் புக்ல இனிஷியல் முன்னாடி, டிகிரி சர்டிபிகேட்ல பின்னாடி, இதுல என் பேர்ல உள்ள 'ழ'வ ஒருத்தன் 'எல்'லுன்னு அடிச்சிருக்கான் ஒருத்தன் 'இசட் எச்'னு அடிச்சிருக்கான். இத்தனைக்கும் நான் கடையில உக்காந்து ஊருக்கே "பேரு ஒண்ணா இல்லன்னா திருப்பி அனுப்பிருவாங்க"ன்னு பாடம் எடுத்தவ. பீடி சுத்துத அம்மாமாரோட பிள்ளைங்களுக்கு சென்ட்ரல் கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப் ஒண்ணு உண்டு, அந்த ஃபார்ம் பாதி இந்தப் பேரு தகராறுலயே திரும்பி வரும், அதப் பாத்துக்கிட்டே இருந்தும் என் ஆதார நான் பாக்கல. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ட அச்சாணியா வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் அதுக்கு ஏத்தாப்ல மாத்துங்க. ஆதார்ல பேர ஆயுசுக்கும் ரெண்டே தடவ தான் மாத்த முடியும், அதனால அவசரத்துல போயி தப்பா மாத்திட்டு வந்துராதீங்க. இதுக்கெல்லாம் மாசக்கணக்கா இழுக்கும், அப்ளிகேஷன் வந்த பெறவு ஓடுனா வேலைக்கு ஆவாது.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இதுல ஏமாந்தவங்க எண்ணிக்கைக்கு அளவே கெடையாது. நம்ம கையில இருக்கது தமிழ்நாடு கவர்மெண்ட் குடுத்த பிசி, எம்பிசி சர்டிபிகேட், அது நிரந்தரம், லேமினேட் பண்ணி பீரோல வச்சிருப்போம். சென்ட்ரல் யுனிவர்சிட்டில அத நீட்டுனா செல்லாது. அவங்களுக்கு வேண்டியது சென்ட்ரல் ஃபார்மட்ல ஓபிசி நான் கிரீமிலேயர் சர்டிபிகேட், அதாவது பிற்படுத்தப்பட்டவங்கள்ல வசதியான பிரிவுல வராதவங்கன்னு காட்டுதது, அதுவும் அந்த நிதியாண்டுக்குள்ளது, அதாவது ஏப்ரல் 1க்கு அப்புறம் வாங்குனது. நம்ம சாதிப் பேரு சென்ட்ரல் லிஸ்ட்ல இருக்கான்னு வேற பாக்கணும், ஸ்டேட் லிஸ்ட்ல இருக்க எல்லாமும் அதுல இருக்கும்னு நெனச்சுராதீங்க. மேலப்பாளையத்துல இருந்து ஒரு தம்பி வந்தான், நம்ம ஸ்டேட்ல முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டுல்லா, அத நம்பி சென்ட்ரல் ஃபார்ம்ல அந்தக் கட்டத்தத் தேடுதான் தேடுதான், இல்ல. அங்க ஓபிசி ஒண்ணு தான் தம்பின்னு சொன்ன பெறவு தான் வெளங்குச்சு. இன்னொன்னு, கிரீமிலேயரான்னு பாக்க அப்பா அம்மாவுக்குப் போடுத எட்டு லட்சம் வருமானக் கணக்குல சம்பளத்தையும் வெவசாய வருமானத்தையும் சேக்க மாட்டாங்க, அது தெரியாம "எங்க அப்பா வாத்தியாரு, சம்பளம் எட்டு லட்சத்த தாண்டிருச்சு, நமக்கு கெடைக்காது"ன்னு ஜெனரல்ல போட்டு வச்ச புண்ணியவாங்க உண்டு. அவர் எந்த கிரேடு போஸ்டிங்ல இருந்தாருன்னு தனியா ஒரு கணக்கு இருக்கு, அதத்தான் பாக்கணும்.

ஓப்பன் யுனிவர்சிட்டி டிகிரி விஷயம் கொஞ்சம் சங்கடமானது. பத்தாவதோட நின்னுட்டு, பிளஸ் டூ படிக்காம, நேரா ஓப்பன் யுனிவர்சிட்டில டிகிரி வாங்குனவங்க நம்ம பக்கம் நெறைய. ஒரு கண்டக்டர் அண்ணாச்சி, ட்யூட்டி முடிஞ்ச ராத்திரில படிச்சு பி.ஏ வாங்கி, எம்.ஏ-யும் வாங்கி, அத மஞ்சப்பையில பத்திரமா சுத்தி எடுத்துக்கிட்டு வந்தாரு. நல்ல யுனிவர்சிட்டிகள் பத்தாங்கிளாஸ், பிளஸ் டூ, மூணு வருஷ டிகிரின்னு அந்த வரிசையத்தான் கேக்காங்க, நம்ம கவர்மெண்ட் வேலைக்கும் அதே பிரச்சின தான், 2009ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிட்டு வந்த விஷயம். அவர்கிட்ட நான் எப்படிச் சொல்ல? டீ வாங்கிக் குடுத்துட்டு மெதுவா சொன்னேன், மனுசன் ரொம்ப நேரம் அந்த மஞ்சப்பையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஆகையினால இன்னும் ஆரம்பிக்காதவங்க, மொதல்ல பிளஸ் டூவ தனித்தேர்வராவோ, என்ஐஓஎஸ்னு சென்ட்ரல் கவர்மெண்டோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு, அதுலயோ முடிச்சிருங்க, பெறவு டிகிரிக்குப் போங்க. டிகிரிய வாங்கிட்டு பின்னாடி பிளஸ் டூ எழுதுனா வரிச மாறிப்போச்சுன்னு அதுக்கும் ஒரு கேள்வி வரும். கரெஸ்பாண்டென்ஸ்ல சேருதவங்க அந்த கோர்ஸுக்கு அந்த வருஷத்துக்கு யுஜிசி அனுமதி இருக்கான்னும் பாத்துக்கோங்க, ஏஜெண்ட் சொல்லுதத நம்பாதீங்க.

இப்ப என் தொழிலையே நான் குத்தம் சொல்லப் போறேன், கடைக்காரங்க கோவிச்சுக்காதீங்க. ஃபார்ம் போடும்போது கடைக்காரர் நம்பரையும் கடை மெயில் ஐடியையும் குடுத்துட்டுப் போயிருதாவ. ஓடிபி சீக்கிரம் வரும், வேல முடியும், நானும் ஆரம்பத்துல அப்படித்தான் போட்டேன். பெறவு திருத்தம் பண்ணுத தேதி வந்த மெயில், அட்மிட் கார்டு மெயில் எல்லாம் என் இன்பாக்ஸ்ல கெடக்கும், அந்த ஆளு பாப்பாக்குடில நாத்து நட்டுக்கிட்டு இருப்பாரு. சொந்த நம்பர், சொந்த மெயில், பாஸ்வேர்ட ஒரு நோட்டுல எழுதி வைங்க, அவ்வளவுதான்.

இதவிடப் பெரிய கூத்து, கியூட் ரிசல்ட் வந்த பெறவு "கூப்பிடுவாங்க"ன்னு உக்காந்துருக்கது. ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. கியூட்ங்கது மார்க் மட்டும் தான் குடுக்கும். அதுக்கப்புறம் எந்த யுனிவர்சிட்டி வேணுமோ அதோட சைட்ல போயி தனியா ரிஜிஸ்டர் பண்ணணும், தனியா ஃபீஸ் கட்டணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கடைசித் தேதி. பஸ்ல துண்டப் போட்டு எடம் புடிக்க மாதிரின்னு நெனச்சுராதீங்க, இங்க துண்டு போட்டா மட்டும் பத்தாது. நல்ல மார்க் எடுத்த ஒரு நர்ஸ் பிள்ளைக்கு இப்படியே ஒரு வருஷம் போச்சு.

எஸ்ஓபி. அதான்வே, "நீ ஏன் இதப் படிக்கணும்"னு எழுதச் சொல்லுவாங்கல்லா. எல்லா எடத்துலயும் கேக்க மாட்டாங்க, ஆனா கேக்குத எடத்துல நம்மள மாதிரி ஆளுங்க எந்திரிச்சு நிக்க முடிஞ்ச ஒரே எடம் அதுதான், அதையும் போயி கெடுத்து வைக்கோம். என்னோட மொத எஸ்ஓபிய இப்ப எடுத்துப் பாத்தா சிரிப்பா வருது. சின்ன வயசுல இருந்தே கல்வித் தாகம், சமுதாயத்துக்கு சேவை, கலாம் ஐயா கனவு, எல்லாம் போட்டு ரெண்டு பக்கம் ரொப்பிருக்கேன், கட பேரே அதுல வரல. ஏன்னா வெக்கம். காலேஜ் முடிச்சு இத்தன வருஷம் என்ன பண்ணுனன்னு கேட்டா ஜெராக்ஸ் கடன்னு எப்படி எழுததுன்னு அத ஒரு வரில "சுயதொழில்"னு முடிச்சு வச்சிருந்தேன்.

ரெண்டாவது வருஷம் எழுதுனப்போ கடையில இருந்தே ஆரம்பிச்சேன். பேச்சியம்மாள்னு ஒரு பாட்டி, பேர மாத்தி தான் எழுதுதேன், பீடி கார்டுல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, பேத்தி ஸ்காலர்ஷிப் ரெண்டு வருஷமா வரல. மூணு ஆபீஸ் அலஞ்சாவ, ஒவ்வொரு தடவயும் அர நாள் பீடி சுத்துத கூலி போச்சு. மொத்தக் கூலி எவ்வளவு போச்சு, வர வேண்டிய ஸ்காலர்ஷிப் எவ்வளவுன்னு என் பில் புக்குக்குப் பின்னாடி பென்சில்ல கூட்டிப் பாத்தேன். அந்தக் கணக்க அப்படியே எஸ்ஓபில எழுதி, திட்டம் போடுதவங்களுக்கும் அத வாங்குதவங்களுக்கும் நடுவுல இருக்க ஃபார்ம் ஏன் இப்படி இருக்கு, அதப் படிக்கணும்னு தான் வாரேன்னு முடிச்சேன். இன்டர்வியூல முக்கால்வாசி நேரம் அந்தப் பென்சில் கணக்கப் பத்தி தான் கேட்டாங்க. நீங்க லாரி ஓட்டிருக்கலாம், மெடிக்கல் ஷாப்ல நின்னுருக்கலாம், அஞ்சு வருஷம் மாமியாருக்குப் பணிவிடை பண்ணிருக்கலாம், அத ஒளிக்காதீங்க, அதுக்காக அழுதும் எழுதாதீங்க. "குடும்ப கஷ்டத்தால் படிக்க இயலவில்லை"ன்னு மூணு பாரா எழுதுனா படிக்கவங்களுக்கு பாவமா இருக்கும், பாவம் பாத்து சீட்டு குடுக்க மாட்டாங்க. மவன்கிட்ட குடுத்து சாட்ஜிபிடில எழுத வாங்குதவங்களும் இருக்காவ, இன்டர்வியூல அதுல இருக்க வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா என்ன பண்ணுவிய?

ரெகமெண்டேஷன் லெட்டர்னா கவுன்சிலர் லெட்டர்பேட் இல்ல. நம்ம வேலைய கூட இருந்து பாத்தவங்க எழுதணும். எனக்கு எங்க ஊர் கெளை நூலகத்துல வேல பாத்த சார் எழுதுனாரு, நான் எந்தப் புக்க எத்தன தடவ எடுத்தேன்னு கூடி எழுதிருந்தாரு.

இங்கிலீஷ்க்குப் பயந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு காசக் கொட்டாதீங்க. என்ட்ரன்ஸ்ல பெரிய பத்தியக் குடுத்து படிச்சுப் புரிஞ்சுக்கிட்டியான்னு தான் பெரும்பாலும் பாக்காங்க. நான் தெனம் ஒரு இங்கிலீஷ் தலையங்கத்த எடுத்து, அதுல என்ன சொல்லுதான்னு தமிழ்ல ரெண்டு வரி எழுதுவேன், ஆறு மாசம் இதத்தான் பண்ணுனேன். இன்டர்வியூல தெணறுனேன், "ஸ்லோவா பேசலாமா"ன்னு கேட்டேன், சரின்னுட்டாங்க.

வேலைய விட்டுட்டு முழு நேரமா படிக்கேன்னு கெளம்பாதீங்க, சீட்டு கையில வந்த பெறவு விட்டாப் போதும். வெளியூர் போவ முடியாதுன்னா ஐஐடி மெட்ராஸோட பிஎஸ் டேட்டா சயின்ஸ் மாதிரி இருக்கு, ஜேஇஇ வேண்டாம், நாலு வாரம் பாடம் படிச்சு அவங்க வைக்குத குவாலிஃபையர் பாஸ் பண்ணுனா உள்ள போயிரலாம், ஆனா ஆன்லைன் தானன்னு அசால்ட்டா இருக்காதீங்க, பரிச்ச எல்லாம் சென்டருக்கு நேர்ல போயி எழுதணும், கணக்குப் பாடம் நெறையவே இருக்கும்.

வீட்டுல எப்பச் சொல்லதுங்கதுல நான் பண்ணுனது பெரிய தப்பு. சீட்டு கெடச்சா சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன். கெடச்ச பெறவு ஃபீஸ் கட்ட பத்து நாள் தான் டைம், அந்தப் பத்து நாளும் வீட்டுல சண்ட, மாமியார் சாப்பிடல, வீட்டுக்காரவ பேசல, வளையல அடமானம் வச்சு கட்டுனேன். அப்ளிகேஷன் போடும்போதே சொல்லிருந்தா அந்தச் சண்டய ஆறு மாசத்துக்குப் பரப்பிப் போட்டிருக்கலாம்.

பரிச்ச அன்னைக்கு ஒண்ணு. கம்ப்யூட்டர்ல தான் எழுதணும், மவுஸ் புடிச்சுப் பழக்கம் இல்லாதவங்களுக்கு கியூட் நடத்துத என்டிஏ சைட்ல மாக் டெஸ்ட் ஃப்ரீயா இருக்கு, நாலஞ்சு தடவ போட்டுப் பாத்துருங்க. தப்பா எழுதுனா மார்க் கழிப்பாங்க, அதனால தெரியாதத கண்ண மூடிக்கிட்டு அமுக்காதீங்க. அப்புறம் வாசிக்கிற கண்ணாடி. கூட எழுதுத பிள்ளைங்களுக்கு அது தேவையில்ல, நமக்குத் தேவ. நான் மொத வருஷம் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வரைக்கும் போயிட்டு தான் கண்ணாடி கல்லாப்பெட்டி மேல இருக்குன்னு ஞாவகம் வந்து, திரும்பிப் போவ நேரம் இல்லாம, ஸ்கிரீன்ல மூக்கு இடிக்க மாதிரி குனிஞ்சு உக்காந்து எழுதுனேன்.