கேப்சூல் காபி இயந்திரத்தின் மின்செலவை வீட்டு மீட்டரிலேயே அளப்பது எப்படி?

கேப்சூல் (காபித்தூள் அடைத்த சிறு குப்பி) போட்டுக் காபி தயாரிக்கும் இயந்திரத்தின் அடியில் 1,200 முதல் 1,500 வாட் வரை அச்சிட்டிருப்பதைக் கண்டு, மின் கட்டணம் ஏறிவிடுமோ என்று கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதி வீடுகளில் பலரும் தயங்குகிறார்கள். அத்தனை வாட்டும் நீரைச் சூடாக்கும் சிறிது நேரத்துக்கு மட்டுமே தேவைப்படுகிறது. 1,400 வாட் இயந்திரம் ஒரு நிமிடம் முழுவதும் அதே அளவில் ஓடினாலும் 0.023 யூனிட்தான் செலவாகும். நாளுக்கு இரண்டு கோப்பை வீதம், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் 120 கோப்பைக்கு ஏறத்தாழ 2.8 யூனிட், யூனிட் 5 ரூபாய் என்று கொண்டால் 14 ரூபாய். ஒரே ஒரு கேப்சூலின் விலையே பெரும்பாலும் இதைவிடக் கூடுதல்.

இந்தக் கணக்கை நம்பி விட்டுவிடாமல் ஒருமுறை அளந்து பாருங்கள். மீட்டரின் முகப்பில், ஒரு யூனிட்டுக்குச் சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னும் என்பது 3200 அல்லது 1600 போன்ற ஓர் எண்ணாக அச்சாகியிருக்கும். குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர் உட்பட வீட்டில் உள்ள அனைத்தையும் சில நிமிடங்கள் அணைத்துவிட்டு, விளக்கு மின்னுவது நின்றதை உறுதி செய்துகொள்ளுங்கள். மீட்டர் பெரும்பாலும் வாசற்புறத்தில் இருப்பதால், ஒருவர் அங்கே நின்று எண்ண, மற்றொருவர் உள்ளே காபி போடுவதே எளிது. 3200 என்று குறித்த மீட்டரில் 64 முறை மின்னினால், அந்தக் கோப்பைக்கு 0.02 யூனிட் செலவாகியிருக்கிறது. உடனே இரண்டாவது கோப்பையையும் போட்டு எண்ணுங்கள். சூடேறிய இயந்திரத்துக்குக் குறைவாகவே தேவைப்படும் என்பதால், வீட்டில் இருவருக்கும் அடுத்தடுத்துப் போடுவதே சிக்கனம்.

காபி போடாத நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவிட்ச் போட்டபடியே இருக்கும் இயந்திரம் வெறும் 1 வாட் இழுத்தாலும், 60 நாளில் 1.44 யூனிட் ஆகிறது. அதாவது குடித்த காபிக்கு ஆனதில் பாதி! நீரை எப்போதும் சூடாகவே வைத்திருக்கும் வகை இதைவிடப் பல மடங்கு எடுக்கும். ஆகவே வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிடுங்கள். 1,500 வாட் இயந்திரம் 6 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், அதை 16 ஆம்பியர் பிளக்கில்தான் இணைக்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிவு சேர்ந்து, நீர் சூடாவதும் இறங்குவதும் தாமதப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதையே பயன்படுத்துவது நல்லது. முன்பு எண்ணிய எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் எண்ணுங்கள். அதே அளவு காபிக்கு எண்ணிக்கை கூடியிருந்தால், கையேட்டில் சொன்னபடி படிவு நீக்கும் கரைசலால் கழுவ வேண்டிய வேளை அது.

பாலை இண்டக்‌ஷன் அடுப்பில் காய்ச்சுவோர் அதையும் தனியே எண்ணிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்தச் செலவே இல்லை. 500 யூனிட்டைத் தாண்டும் நிலையில் உள்ள வீட்டுக்கோ ஒவ்வொரு யூனிட்டும் முக்கியம்; தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உரிய குறைந்த விலையும் போய்விடும். அப்போதும் காபியைக் குறைக்க வேண்டியதில்லை. ஓசூரின் மார்கழிக் குளிரில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதில் 43 கோப்பை காபி போடலாம்.