ஜோனை உடைக்க நடுவில் ஆள் வேண்டும்

பாஸ்கெட்பாலில் எதிரணி 2-3 ஜோன் (ஆளைத் துரத்தாமல், முன்னால் இரண்டு பேரும் பின்னால் மூன்று பேருமாக நின்று ஆளுக்கு ஓர் இடத்தைக் காப்பது) போட்டுவிட்டால் நம் கல்லூரி அணிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆடுகின்றன. மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே பந்து கைமாறிக்கொண்டே இருக்கும். ஷாட் கிளாக் (ஷாட் எடுக்க மீதமுள்ள வினாடிகளைக் காட்டும் கடிகாரம்) நான்கு, மூன்று என்று இறங்கியதும் ஒருத்தி தூரத்திலிருந்து தூக்கிப் போடுவாள். முதல் இரண்டு ஷாட் விழுந்துவிட்டால் இன்னும் ஆபத்து, ஆட்டம் முழுக்க அதையே நம்பி நிற்பார்கள்.

நான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவள். "ஜோனுக்கு மருந்து வெளி ஷாட்" என்று கோர்ட் ஓரத்தில் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜோன் உடைகிற இடம் ஃப்ரீ த்ரோ கோட்டின் நடு. பந்து அங்கே ஒருத்தி கைக்குப் போய், அவள் ரிங்கைப் பார்த்துத் திரும்பிவிட்டால் ஐந்து டிஃபென்டர்களும் ஒரே நேரத்தில் குழம்புவார்கள். வெளி ஷாட் அதற்குப் பிறகு தானாகக் கிடைக்கும்.

நமக்கு ஜோன் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு விதியிலேயே காரணம் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஒரு டிஃபென்டர் யாரையும் நெருங்கிக் காக்காமல் பெயின்டுக்குள் (ரிங்குக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் இடையே உள்ள கட்டத்துக்குள்) மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூட்டமைப்பு) விதியில் அந்தத் தடை இல்லை. எதிரணியின் உயரமான சென்டர் ரிங்குக்குக் கீழே வேர் விட்டு நிற்கலாம், மூன்று வினாடிக் கணக்கு நம் ஆளுக்கு மட்டும்தான். போதாததற்கு மூன்று பாயின்ட் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. நம் ஊரில் இன்னும் பல போட்டிகள் திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டில்தான் நடக்கின்றன. ஆடிக் காற்று அடிக்கிற சாயங்காலத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து போடும் பந்தை நம்பி ஒரு மேட்சை ஒப்படைக்க எனக்கு மனசு வராது.

முதலில், போட்டிருப்பது ஜோன்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு கட் (பந்தில்லாமல் ரிங் பக்கம் பாயும் ஓட்டம்) போதும். மேலே நிற்கிற ஒருத்தி பாஸ் கொடுத்துவிட்டுப் பெயின்ட் வழியாக எதிர்ப்பக்கக் கார்னருக்கு ஓடட்டும். அவளோடு ஒரு டிஃபென்டர் கடைசி வரை போனால் மேன்-டு-மேன், அதாவது ஆளுக்கு ஆள் காப்பது. பாதியில் இன்னொருத்தியிடம் விட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினால் ஜோன். பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவள்) இதைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பெஞ்சிலிருந்து நான் கத்தும் வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்து, நடுவில் யாரை நிறுத்துவது? அணியிலேயே உயரமானவளைத்தான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். நான் நன்றாகப் பாஸ் கொடுக்கிறவளை நிறுத்துவேன், அவள் இரண்டாவது கார்டாக இருந்தாலும் சரி. அந்த இடத்தில் தேவை பார்வையும் கையும். 2013 அமெரிக்கக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதி இதற்கு நல்ல பாடம். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஜிம் பேஹைம் 1976 முதல் 2023 வரை தலைமைப் பயிற்சியாளர், 2-3 ஜோன் என்றாலே அவர் பெயர்தான் முதலில் வரும். அந்த ஜோனுக்கு எதிராக மிஷிகன் அணி மிட்ச் மெக்கேரியை ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிறுத்திப் பந்தை அவர் வழியாக ஓட்டியது. அவர் சென்டர்தான், ஆனால் பாஸ் கொடுக்கத் தெரிந்த சென்டர். எடுத்தது 10 பாயின்ட், 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைக் கைப்பற்றுவது), கூடவே 6 அசிஸ்ட் (பாஸ்கெட்டாக முடிந்த பாஸ்). மிஷிகன் 61-56 என்று ஜெயித்தது. சென்டர் ஒருவருக்கு ஆறு அசிஸ்ட் என்பதைத்தான் நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி சுட்டிக்காட்டுவேன்.

நடுவில் பந்து வாங்குகிறவள் செய்ய வேண்டியதை நிதானமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது. எதிரணியில் முன்னால் நிற்கும் இரண்டு கார்டுகளுக்கும் சரி நடுவில், அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். பந்து வரும்போது இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் விழட்டும், அப்போதுதான் எந்தக் காலை வேண்டுமானாலும் ஊன்றித் திரும்பலாம். பந்து மோவாய்க்குக் கீழே, முழங்கைகள் வெளியே. டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) போடவே கூடாது, தட்டினால் பின்னாலிருந்து கார்டு கையை விட்டுப் பறித்துவிடுவாள். உடனே ரிங்கைப் பார்த்துத் திரும்பி, எதிரே நிற்கும் சென்டரின் காலைப் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல. அவள் குதிகால் தரையிலிருந்து எழும்பி ஓர் அடி முன்னே வைத்தால் அவளுக்குப் பின்னால் இடம் திறந்துவிட்டது, நம் ஆளுக்குக் கீழாக பவுன்ஸ் பாஸ். குதிகால் அசையவில்லையென்றால் ஷாட் உன்னுடையது. அதுவும் ஃப்ரீ த்ரோ தூரம், தினமும் போட்டுப் பழகிய தூரம். இரண்டு கார்டுகளும் உன்மேல் கவிழ்ந்தால் விங்கில் (பக்கவாட்டில், மூன்று பாயின்ட் கோட்டருகே) நிற்பவள் தனியாக இருப்பாள். இந்த முடிவை ஒரு வினாடிக்குள் எடுக்கப் பழக வேண்டும். தாமதித்தால் திறந்த கதவு மூடிவிடும்.

"சென்டருக்குப் பின்னால் நம் ஆள்" என்றேனே, அவள் நிற்க வேண்டிய இடம் ஷார்ட் கார்னர். பேஸ்லைனை (ரிங்குக்குப் பின்னால் உள்ள கடைசிக் கோட்டை) ஒட்டி, பெயின்டுக்கு ஓர் எட்டு வெளியே. அங்கே நின்றால் மூன்று வினாடிக் கவலை இல்லை. டிஃபென்டர்கள் பந்தைப் பார்க்கும்போது அவள் அவர்கள் கண்ணில் படமாட்டாள். பந்து பக்கம் மாறும்போதெல்லாம் அவளும் பேஸ்லைன் வழியாகப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கட்டும்.

நடுவுக்குப் பந்தை எப்படிக் கொண்டுபோவது? முன் கார்டுகள் அந்தப் பாஸைத்தான் மூட நினைப்பார்கள். தலைக்கு மேலே பந்தைத் தூக்கி விங்குக்குப் போடுவது போல ஏமாற்றுங்கள். ஜோன் முழுக்கப் பந்தைப் பார்த்து நகர்வது, பொய்ப் பாஸுக்கும் நகரும். அந்த இடைவெளியில் நடுவுக்கு. இல்லையென்றால் விங்கிலிருந்து கொடுங்கள், அந்தக் கோணம் மேலிருந்து கொடுப்பதைவிட எளிது. மேலே ஒருத்தியை மட்டும் நிறுத்தி 1-3-1 ஆக (நடு வரிசையில் மூன்று பேர், கீழே ஒருத்தி) நின்றால் இன்னும் நல்லது. இரண்டு கார்டுகளில் யார் அவளைக் காப்பது என்ற கேள்வி அவர்களுக்கு வந்துவிடும். அவள் இருவருக்கும் இடையே இரண்டு தட்டு தட்டி நுழைந்தால் இருவரும் வருவார்கள், அப்போது பாஸ்.

இனி கார்னர். "மேம், கார்னர்ல நான் காலியா நின்னேன், யாருமே பந்து குடுக்கல" என்று பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் வந்து நிற்பார்கள். பாப்பா, அந்தக் காலியை நம்பாதே என்பேன். 2003இல் அதே அமெரிக்கக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம், சிராக்யூஸுக்கு எதிராக. கான்சாஸ் அணி மூன்று பாயின்ட் பின்தங்கியிருக்கிறது, கடைசி வினாடிகள். கார்னரில் மைக்கேல் லீ தனியாக நிற்கிறார், பந்து வருகிறது, ஷாட் எடுக்கிறார். பெயின்டுக்குள்ளிருந்து ஹக்கீம் வாரிக் பாய்ந்து வந்து பந்தை வெளியே தட்டிவிட்டார். சிராக்யூஸ் 81-78 என்று கோப்பையை வென்றது. நீண்ட கையுள்ள ஃபார்வர்டு ஒருவர் கீழ் வரிசையில் இருந்தால் கார்னரில் காலி என்பது அரை வினாடிக்குத்தான்.

அந்த ஃபார்வர்டை முதலிலேயே கட்டிப்போட்டால் கார்னர் ஷாட் நிஜமான ஷாட் ஆகும். பந்து வலப்பக்கம் இருக்கும்போது இடப்பக்க ஃபார்வர்டு பெயின்டுக்குள் இறங்கி நிற்பாள். அவள் அங்கே நிற்கும்போதே நம் ஆள் ஸ்கிரீன் போட்டு வழியை மறிக்கட்டும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கார்னருக்கு நேரே ஸ்கிப் பாஸ், அதாவது நடுவில் இருப்பவர்களைத் தாண்டிப் போகும் நீளப் பாஸ். மேன்-டு-மேனுக்கு மட்டும்தான் ஸ்கிரீன் என்று பல அணிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. ஜோனுக்கு எதிராக நான் அதிகம் போடச் சொல்வது இந்த ஒரு ஸ்கிரீனைத்தான்.

ரீபவுண்டில் ஜோனுக்கு ஓர் அடிப்படைப் பலவீனம் உண்டு. இடத்தைக் காக்கிறவளுக்கு, ஷாட் போன பிறகு யாரை முதுகால் தடுப்பது என்று தெரியாது. வலப்பக்கத்திலிருந்து ஷாட் போனால் பந்து பெரும்பாலும் இடப்பக்கம்தான் விழும். அங்கே இரண்டு பேர் முன்கூட்டியே போக வேண்டும். பந்து ரிங்கைத் தொட்டு நம் கைக்கு வந்தால் கிளாக் 14 வினாடிக்குத் திரும்பும். ஜோன் கலைந்து கிடக்கிற நேரம் அது. பந்தை மறுபடி மேலே எடுத்துப் போய் ஆரம்பத்திலிருந்து தொடங்காமல், ரிங்குக்குக் கீழேயே முடியுங்கள்.

3-2 ஜோனுக்கு எதிராகவும் இதே நடு, இதே ஷார்ட் கார்னர், கூடவே கார்னர்களும் கிடைக்கும். எதிரணி 1-3-1 ஜோன் போட்டால் மட்டும் நாம் மேலே இரண்டு பேராக நிற்க வேண்டும், அவர்களில் கீழே இருக்கும் ஒரே ஒருத்தி இரண்டு கார்னருக்கும் ஓடிக் களைப்பாள். எதுவானாலும் ஜோன் அமைவதற்கு முன்பே பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் பாதி வேலை மிச்சம். பாதிக் கோர்ட்டைத் தாண்ட எட்டு வினாடி இருக்கிறது என்று நடந்து போகாதீர்கள்.

பயிற்சிக்கு நான் வைத்திருப்பது ஒரே ஆட்டம். ஃப்ரீ த்ரோ கோட்டைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கட்டம் போடுவேன். ஐந்துக்கு ஐந்து, எதிரே 2-3 ஜோன், டிரிபிள் கிடையாது. கட்டத்துக்குள் பந்து போய் வராமல் விழுந்த பாஸ்கெட்டுக்குக் கணக்கே இல்லை. கட்டத்திலிருந்து போன பாஸில் விழுந்தால் இரட்டை. முதல் வாரம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பிறகு கட்டத்தை அழித்துவிட்டாலும் கண் அங்கேயே போகும்.

இரண்டு மூன்று முறை நடுவில் அடி வாங்கியதும் எதிரணிப் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டு மேன்-டு-மேனுக்கு மாறுவார். டைம் அவுட் முடிந்து வந்த முதல் பந்திலேயே முதலில் சொன்ன அந்த ஒரு ‘கட்’ ஓட்டத்தை ஓடிப் பாருங்கள். கூடவே ஒருத்தி கடைசி வரை வந்தால் பாயின்ட் கார்டு கையைத் தூக்கட்டும், நம் வழக்கமான ஆட்ட அமைப்புக்கு மாறலாம்.