அடம் பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு நோட்டு

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் அங்கன்வாடியில் 19 வருஷமாக இருக்கிறேன். பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், எல்லாப் பிள்ளையும் இப்படித்தானா, இல்ல இவனுக்கு மட்டும் ஏதாவது கோளாறா?"

உடனே பதில் சொல்ல மாட்டேன். ஒரு நோட்டு போட்டு 2 வாரம் எழுதச் சொல்வேன். "எப்பப் பாரு அடம்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "மாலை 6 மணி. சாப்பிட வைக்க போனைப் பிடுங்கினேன். தரையில் புரண்டான். 10 நிமிஷம். போனைத் திருப்பிக் கொடுத்தேன், அடங்கினான்" என்று எழுத வேண்டும். கடைசி வரியைப் படித்துத் தாங்களே சிரித்துவிடுகிற அம்மாக்கள் உண்டு.

அடுத்து வயசு. 2 வயதில் புரள்வதும் கடிப்பதும் சகஜம்; பேச்சு வருவதற்குள் கோபம் வந்துவிடுகிறது. 5 வயது வரை படுக்கை நனைந்தால் திட்டவே வேண்டாம். ஆனால் மாசக்கணக்கில் நனைக்காத பிள்ளை திரும்ப ஆரம்பித்தால், வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள்.

நாலரை வயதுப் பையன் ஒருவன் ஜூன் மூன்றாம் வாரத்தில் ஆரம்பித்தான். தொற்று ஏதுமில்லை என்று முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து தெரிந்துகொண்டோம். நோட்டைப் பார்த்தால், அப்பா வீட்டில் இல்லாத ராத்திரிகளில்தான் நனைத்திருக்கிறான். அவர் விசைப்படகுக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; வீட்டில்தான் இருந்தார். அத்தனை நாளும் பையன் அவர் பக்கத்திலேயே படுத்துப் பழகிவிட்டான். சொல்லாமல் விடியற்காலையில் போகாதீர்கள், முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். இவனுக்கு அப்பாவின் லுங்கியைப் போர்த்திவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் சரியாகிவிட்டது.

எங்கே நடக்கிறது என்பதையும் குறியுங்கள். வீட்டில் மட்டும் என்றால் வீட்டைப் பார்க்க வேண்டும். இங்கே மட்டும் என்றால் என்னைக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் மாசக்கணக்கில் நடந்து, தூக்கமும் விளையாட்டும் கெட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சேட்டைப் பிள்ளையைப் பற்றி ஊரே புகார் சொல்லும். மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. நானே ஒரு பெண் குழந்தையை 6 மாசம் "தங்கம்" என்று மெச்சிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சில்வர் தட்டு அடுக்கு சரிந்து விழுந்தது. எல்லாரும் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை. அது என் தப்பு.

சிலவற்றுக்கு நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. 1 வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, 16 மாசத்தில் ஒரு வார்த்தைகூட வராதது, வந்த பேச்சு நின்றுபோவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது என்றால் உடனே கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டரிடம் போங்கள். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் பிள்ளை நடுங்கினால், அந்த ஆளிடம் தனியாக விடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். வேப்பிலை அடிப்பதையோ மந்திரிப்பதையோ நான் தடுப்பதில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று ஒரு வருஷத்தை ஓட்டுவதுதான் எனக்கு எரிச்சல்.

போகும்போது, எழுதின வரைக்கும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும். பிள்ளையும் அன்றைக்கென்று சமர்த்தாக இருக்கும்.