கிராப்பா வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

இத்தாலியின் கடும் மதுவான கிராப்பா, ஒயினைக் காய்ச்சி எடுப்பதல்ல. ஒயினுக்குச் சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோலும் விதையும் சேர்ந்த சக்கையிலிருந்து வடிப்பது. ஆகவே எந்தத் திராட்சையின் சக்கை என்பதுதான் முக்கியம். லேபிளில் முதலில் அதைத் தேடுங்கள். பியட்மாண்ட் பகுதியின் மொஸ்காட்டோ என்றால் பூமணம் தூக்கலாக இருக்கும். பரோலோ ஒயினைத் தரும் நெப்பியோலோ என்றால் சற்றுக் கனம். 'இன்வெக்கியாத்தா' என்று போட்டிருந்தால் மரப்பீப்பாயில் குறைந்தது 12 மாதம் ஊறியது. 'ரிசெர்வா' என்றால் 18 மாதம்.

நிறமில்லாத இளம் கிராப்பாவை 10 டிகிரி அளவில் குளிரவைத்தால் போதும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், மணமே அடங்கிவிடும். பீப்பாயில் ஊறியதற்கு 17 டிகிரி சரி.

ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையாது என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னச் சின்ன மிடறாக. ஊறியதோடு கறுப்புச் சாக்லேட், மொஸ்காட்டோவோடு ஹேஸல்நட் கேக். எனக்கு மிகப் பிடித்தது வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ பகுதி வழக்கம்: எஸ்பிரஸோ குடித்து முடித்த சூடான கோப்பையில் கொஞ்சம் கிராப்பா ஊற்றி, அடியில் ஒட்டிய காபியோடு அலசிக் குடிப்பார்கள். அதற்கு 'ரெசென்டின்' என்று பெயர்.